பட்டினச்சேரியின் மாப்பிள்ளைப் பெருமாள்

மாசி மகத்தன்று சுவாமிகள் கடலாட எழுந்தருளுவது சோழ நாட்டுக் கடற்கரை நெடுகிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அன்றைக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் காரைக்கால் மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினத்துக்கு வரும்போது, அவ்வூரின் மீனவர் குப்பமான பட்டினச்சேரியில் தீர்த்தவாரி என்ற பேச்சு இரண்டாம்பட்சமாகிவிடும். மாப்பிள்ளை வருகிறார் என்பதுதான் அங்கே முதல் செய்தி. பெருமாளைத் தவிர வேறு ஒருவரையும் மணப்பதில்லை என்று உறுதியாக இருந்த மீனவர் தலைவனின் மகள் பத்மினியை, பெருமாளே தேடி வந்து கைப்பிடித்தார் என்பது தலவரலாறு. பெண் கொடுத்த உரிமை அன்று தொடங்கியது. திருக்கண்ணபுரத்தில் ஸ்ரீதேவி, பூதேவி, ஆண்டாள் ஆகியோரோடு பத்மினி நாச்சியாரும் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கிறார் என்பதை இந்தக் குப்பத்தின் பள்ளிப் பிள்ளைகள் வரை பெருமையாகச் சொல்வார்கள். தங்கள் வீட்டுப் பெண் வாழப்போன இடத்தில் அவளுக்கு என்ன மரியாதை என்று பார்ப்பது பிறந்த வீட்டின் இயல்பல்லவா?

என் பாட்டியின் வீடு திருமலைராயன்பட்டினத்தில்தான் இருக்கிறது. நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையே, கடற்கரைச் சாலையில் செல்பவர்கள் பேருந்தைவிட்டு இறங்காமலே கடந்துவிடக்கூடிய சிற்றூர் அது. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த பகுதி என்பதால், பாட்டியின் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய ஒருவரின் வீட்டை இன்றும் சொல்தா வீடு என்றே குறிப்பிடுகிறார்கள். திருமலைராயன் அவையில் தமக்கு நேர்ந்த அவமதிப்பால் மனம் வெந்த காளமேகப் புலவர், இந்த ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று பாடிவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. கோடையில் காற்றோடு வந்து கூடமெங்கும் படியும் மணலைப் பெருக்கும்போதெல்லாம் பாட்டி அந்தப் புலவரைத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. இந்த ஊரில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே சென்னைக்குப் போய், ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கராகப் பல ஆண்டுகள் இருந்து, அம்மா காலமான பிறகு நாற்பதை நெருங்கும் வயதில் நான் திரும்பி வந்தேன்.

திரும்பி வந்தவனுக்கு வீடு இருந்தது, ஊர் இல்லை. பாட்டியின் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குமேல் பேச்சு வளராது. தேநீர்க் கடையில் எனக்கு இடம் ஒதுக்கித் தருவார்கள், ஆனால் அது அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரிக்குத் தரும் இடத்தைப் போன்றிருக்கும். உடம்பால் மட்டும் வந்து சேர்ந்து, உறவுமுறை சொல்லி அழைக்க ஒருவரும் இல்லாதவன் தன் சொந்த ஊரில் எவ்வளவு அந்நியனாக இருப்பான் என்பது, அந்த நிலையில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

பட்டினச்சேரிச் சமுதாயக் கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று, அங்கே குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துவந்த ஆசிரியை ஒருவர் என்னைக் கேட்டார். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தகப்பனாரை இழந்தவர். அதன்பின் அவருடைய தாயார் கரையில் மீனை ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து விற்று, பெண்ணைப் படிக்கவைத்தார். நான் அவரை டீச்சர் என்றும், அவர் என்னை சார் என்றும் அழைத்துக்கொண்டு, வடிவியல் தேற்றங்களைப் பற்றி மட்டுமே வெகுநாள் பேசினோம். ஓர் அமாவாசைக்குத் திருக்கண்ணபுரம் போகிறோம், நீங்களும் வருகிறீர்களா தம்பி என்று அவருடைய தாயார் கேட்டது அப்படியே தொடங்கிய ஒரு சிநேகத்தின் நடுவில்தான்.

திருக்கண்ணபுரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு முன்னால் நித்யபுஷ்கரணி கடல்போல் விரிந்து கிடக்கிறது. ஏழு நிலை ராஜகோபுரத்தை அதன் தண்ணீரில் முழுதாகப் பார்த்த பிறகே உள்ளே போகத் தோன்றுகிறது. மூலவர் நீலமேகப் பெருமாள், வலக்கையில் இருக்கும் சக்கரம் எக்கணமும் புறப்படத் தயாராக, பிரயோக நிலையில் நிற்கிறார். ஆழ்வார்கள் ஐவர் பாடிய தலம். நம்மாழ்வார் இதை வேலை, அதாவது கடல், மோதும் மதில் சூழ்ந்த திருக்கண்ணபுரம் என்கிறார். இன்றைக்குக் கோயில் மதிலில் நின்று பார்த்தால் வயல்தான் தெரிகிறது. கடலோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் பின்வாங்கியதா, ஆழ்வாரின் உள்ளத்தில் அது அவ்வளவு அருகில் இருந்ததா என்று அன்று நான் கேட்டபோது, அந்த அம்மாள் சற்றும் யோசிக்காமல், "கடல் இங்க வரலன்னாதான் என்ன தம்பி, இவரு வருசா வருசம் அங்க வர்றாரே" என்றார். உரையாசிரியர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமாவாசையன்று உற்சவருக்குத் திருமுடி தரிசனம் உண்டு. சௌரிராஜன் என்ற பெயருக்கே காரணமான அந்தக் கதையில் அர்ச்சகர் ஒருவர் வருகிறார். தாம் நேசித்த பெண்ணின் கூந்தலில் இருந்த மாலையை அரசனுக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிட்டு, அதில் தலைமுடி இருக்கக் கண்ட அரசன் சினந்தபோது, அது பெருமாளின் திருமுடிதான் என்று பொய் சொல்லிவிடுகிறார். மறுநாள் அரசன் பார்க்க வந்தபோது பெருமாள் உண்மையாகவே கூந்தலோடு காட்சி தந்து அர்ச்சகரைக் காப்பாற்றினார். இந்தத் தலத்துக் கதைகளை எண்ணிப் பார்த்தால், இங்கிருக்கும் பெருமாள் மனிதர்களின் அன்பை விசாரித்துத் தண்டிக்கிறவராக ஒருபோதும் தெரியவில்லை. ஒன்றில் அன்புக்காகப் பொய்யை மெய்யாக்குகிறார். மற்றொன்றில் அன்புக்காகக் குப்பத்துக்கு வந்து பெண் கேட்கிறார். கூந்தலோடு பெருமாள் உலா வந்தபோது ஆசிரியை கைகூப்பி நின்ற நிலையை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும், அவர் அதைக் கவனித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே எழுதுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

பேச்சு வீட்டுக்கு வந்தபோது என் பக்கத்து உறவினர்கள் தயங்கினார்கள். வேறு தெரு, வேறு சாதி என்பதை நேராகச் சொல்லாமல், ஊர் என்ன சொல்லும் என்றார் பெரியப்பா முறையுள்ள ஒருவர். ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தில் சௌரிராஜருக்குத் தேங்காய் உடைத்து, பத்மினி நாச்சியார் கதையைக் கண்கலங்கக் கேட்பவர் அவர். சுவாமி செய்தால் திருவிளையாடல், மனிதன் செய்தால் குலத்துக்கு இழுக்கு என்று நம்மால் ஒரே மூச்சில் எப்படி நினைக்க முடிகிறதோ தெரியவில்லை. ஆசிரியையின் வீட்டிலோ, பெண் கேட்க நான் தனியாகத்தான் போனேன். படகு வைத்திருக்கும் தாய்மாமன் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வலைக்கண்ணைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "பெருமாளுக்கே குடுத்தவங்க நாங்க. உங்களுக்குக் குடுக்க மாட்டமா? ஆனா ஒண்ணு, அவரு மாதிரி வருசத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போவக் கூடாது" என்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, அங்கிருந்து நேராகத் திருக்கண்ணபுரம் சென்று தாயார் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டோம். அன்று வராத பெரியப்பா அடுத்த பொங்கலுக்கு வந்துவிட்டார்.

அந்தத் திருமணத்துக்குப் பின்வந்த மாசி மகத்தைத்தான் நான் குப்பத்துக்குள் இருந்து முதன்முதலாகப் பார்த்தேன். விடியுமுன்பே ஒவ்வொரு வாசலும் கழுவி மாக்கோலம் போடப்பட்டிருந்தது. அத்தை, அதாவது மாமியார், முந்தின நாளே அன்னக்கூடையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். திருக்கண்ணபுரத்தாரோடு நிரவி கரியமாணிக்கப் பெருமாள், காரைக்கால் நித்யகல்யாணப் பெருமாள், உள்ளூர் ரகுநாதப் பெருமாள், வீழி வரதராஜப் பெருமாள் எனச் சுற்றுவட்டாரப் பெருமாள்கள் எல்லாரும் கூடுகிறார்கள். ஆனால் குப்பத்தின் கண் சௌரிராஜர்மேல்தான். சப்பரத்துக்குப் பவழக்கால் சப்பரம் என்று பெயர். அது பட்டினச்சேரி எல்லைக்கு வந்ததும் குப்பத்து ஆண்கள் தோள்கொடுக்க முந்துகிறார்கள். "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று எழும் குரலில் பக்தியோடு பெண் வீட்டாரின் கேலியும் கலந்திருக்கிறது. வேறெந்தத் தலத்திலும் பெருமாளை இவ்வளவு சலுகையோடு அழைத்து நான் கேட்டதில்லை. பட்டு சார்த்தி வரவேற்று, வெயில் ஏறுகிறது, சாமிக்கு விசிறுங்கடா என்று பட்டர்களையே அதட்டிய ஒரு கிழவியையும் பார்த்தேன். பட்டரும் சிரித்துக்கொண்டே விசிறினார்.

நான் கரையோரம் ஒதுங்கி நின்றிருந்தேன். முந்தைய வாரம் கோயில் செலவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க வந்தபோது நானும் பணத்தை நீட்டியிருந்தேன். மாப்பிள்ளையிடம் எந்த ஊரில் வரி வாங்குகிறார்கள் என்று பஞ்சாயத்தார் அதைத் தொடாமலே போய்விட்டார்கள். மரியாதைதான் என்றாலும், நான் இன்னும் விருந்தாளிதான் போலும் என்ற சிறு குறை மனத்தில் இருந்தது. அந்த நேரத்தில் சப்பரம் ஈர மணலுக்குள் இறங்கியது. சப்பரத்தைத் தோளில் தாங்கும் கழியான வாரையில், முன்பக்கம் ஒருவர் கால் புதைந்து தடுமாற, தாய்மாமன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்து, "மாப்ள, என்ன வேடிக்கை? துண்டை மடிச்சுப் போட்டுட்டு வந்து தோள் குடுங்க" என்று கத்தினார். போனேன். வாரை தோளில் பட்ட கணத்தில் தெய்வீகமாக ஒன்றும் தோன்றவில்லை. கழுத்து எலும்பு முறிந்துவிடும் என்றுதான் தோன்றியது. நனைந்த மணல் ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால்வரை இழுக்கிறது. முன்னால் இருப்பவர் முதுகு வேர்வையைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. பெருமாள் தலைக்குமேல் இருக்கிறார், சுமப்பவனுக்கு மட்டும் தரிசனம் கிடையாது. இரண்டாம் முறை தோள் மாற்றியபோது பக்கத்திலிருந்தவர் தன் துண்டையும் எடுத்து என் தோளில் வைத்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரோ என் மனைவி பெயரைச் சொல்லி, அவள் தனக்குத் தங்கை முறை என்று அந்தச் சுமையோடே உறவை விளக்கிக்கொண்டு வந்தார்.

தீர்த்தவாரி முடிந்து, திரளாக நின்ற மக்கள் கடலில் மூழ்கி எழுந்து, பெருமாள் ஊருக்குத் திரும்பப் புறப்பட்டபோது பெண்கள் வழக்கமாக மருமகனை வழியனுப்பும் தோரணையிலேயே போய்வாருங்கள் என்றார்கள். அத்தை மட்டும், அடுத்த தடவை பத்மினியையும் கூட்டிவரச் சொல்லி அவரிடம் சற்று உரத்தே கேட்டுக்கொண்டார்.

தோள் வீக்கம் வடிய வெகுநாள் ஆனது. என் மனைவி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டே, சார் கணக்குப் போடத்தான் லாயக்கு என்று சிரித்தாள். வரும் மாசி மகத்தைப் பற்றி இப்போதே திண்ணையில் பேச்சு நடக்கிறது. நான் மற்றவர்களைவிட உயரம் என்பதால் முன் வாரையில் நின்றால் சப்பரம் ஒரு பக்கம் சாய்கிறதாம். என் உயரத்துக்கு ஈடாக வடக்குத் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், அவனை எதிர்ப்பக்கம் போட வேண்டும் என்று தாய்மாமன் பஞ்சாயத்தில் சொல்லிவைத்திருக்கிறார். வரிப் பணத்தை மட்டும் இன்னும் வாங்க மறுக்கிறார்கள்.