சினிபெஞ்ச் பாஸ், சும்மா இருந்தால் ரீஸ்டார்ட்

ரெண்டர் மணிக்கணக்கில் ஓடுகிறது. எல்லாக் கோருக்கும் முழு லோடு கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் அரை மணி நேரம் அசராமல் தாங்குகிறது. ஆனால் பிரவுசரில் நாலு டேபைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால், வரும்போது லாகின் திரை காத்திருக்கிறது. ரைசன் 9 7950எக்ஸ் போன்ற பிராசசரில், கோரின் வோல்டேஜைக் குறைக்கும் பயோஸ் செட்டிங்கான கர்வ் ஆப்டிமைசரைத் தொட்டவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ‘லோடே இல்லாதப்போ க்ராஷ் ஆகுதுன்னா விண்டோஸ்லதான் கோளாறு’ என்று ஓஎஸ்ஸை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். வீண் வேலை. லோடு இல்லாததுதான் இங்கே காரணமே.

16 கோரும் ஒன்றாக ஓடும்போது 230 வாட் பவர் லிமிட்டோ 95 டிகிரி வெப்ப லிமிட்டோ குறுக்கே வந்துவிடும். கிளாக் 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே நின்றுகொள்ளும். ஒரே ஒரு கோருக்கு மட்டும் வேலை வந்தால் அது 5.7 வரை ஏறும். அந்த உச்சியில்தான் வோல்டேஜ் தேவை மிக அதிகம். கர்வ் ஆப்டிமைசரில் ஒரு எண் குறைப்பது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். ‘ஆல் கோர் மைனஸ் 30’ என்று போட்டால் 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை போகிறது. 5.1-இல் அது உறைக்காது. சூடு குறைந்து ஸ்கோர் கூடவே செய்யும். 5.7-இல் உறைக்கும். அதிலும் முதலில் விழுவது பெரும்பாலும் சிப்பின் சிறந்த கோர்கள்தான். ஃபாக்டரியிலேயே அவற்றுக்குக் குறைந்த வோல்டேஜ் குறிக்கப்பட்டிருப்பதால், நாம் மேலும் குறைக்க அங்கே இடம் இல்லை. எல்லாக் கோருக்கும் ஒரே எண் போடும் யூடியூப் டிப்ஸை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

எந்தக் கோர் விழுந்தது என்று ஊகிக்க வேண்டாம். விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்தால் கெர்னல்-பவர் 41 கண்ணில் படும். ‘மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை’ என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. பவர் சப்ளை போய்விட்டது என்று அதை வைத்தே முடிவு கட்டாதீர்கள். தேட வேண்டியது அதே நேரத்தை ஒட்டி வரும் டபிள்யூஎச்இஏ-லாகர் 18, அதாவது ஹார்டுவேர் எரர் பதிவு. திறந்தால் ‘எரர் டைப்: கேஷ் ஹையரார்க்கி எரர்’, அதற்குக் கீழே ‘பிராசசர் ஏபிஐசி ஐடி: 6’ என்பது போல இருக்கும். 7950எக்ஸில் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் அந்த எண்ணை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள்: 6 என்றாலும் 7 என்றாலும் கோர் 3. எண்ணிக்கை 0-வில் தொடங்குகிறது. உங்கள் பயோஸ் 1-இல் தொடங்கினால் பக்கத்துக் கோரைத் திருத்திவிட்டு அதே க்ராஷில் உட்கார்ந்திருப்பீர்கள், கவனம். எரர் டைப்பில் ‘பஸ்/இன்டர்கனெக்ட்’ என்று வந்தால் கோரை விட்டுவிட்டு மெமரி, ஃபேப்ரிக் கிளாக் (சிப்பின் பாகங்களை இணைக்கும் பாதையின் வேகம்) பக்கம் பாருங்கள்.

சோதிப்பதற்கு கோர்சைக்ளர் போதும். ஒவ்வொரு கோராக, ஒற்றை த்ரெட்டில் பிரைம்95-ஐ ஓட்டும் இலவச ஸ்கிரிப்ட் அது. முதலில் மெமரியை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ ப்ரொஃபைலை அணைத்து மெமரியை டீஃபால்ட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் வரும் எரர் யாருடையது என்றே தெரியாது. கோர்சைக்ளரில் மோடு எஸ்எஸ்இ, அதாவது இலகுவான கணக்கு வகை. ஏவிஎக்ஸ்2 போட்டால் கனமான லோடில் கிளாக் இறங்கிவிடும். நமக்கு வேண்டியது உச்ச கிளாக். கோருக்கு 6 நிமிடம் என்றால் ஒரு சுற்று 96 நிமிடம், மோசமான கோர்கள் அதிலேயே தெரிந்துவிடும். விழுந்த கோரை மட்டும் 5 எண் ஏற்றுங்கள், மைனஸ் 30 இருந்தால் மைனஸ் 25. எல்லாம் தேறியபின் கோருக்கு ஒரு மணி நேரம் வைத்து இரவில் விட்டுவிடலாம். ஒரு கோர் மைனஸ் 8-இல் நிற்க, இன்னொன்று மைனஸ் 30-ஐத் தாங்குவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

கோர் சரியானபின்தான் மெமரி. வொர்க்ஸ்டேஷன் என்றதும் நாலு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசை வரும். 7950எக்ஸுக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600. பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருப்பது அந்த ஒரு கிட்டுக்கு மட்டும். இரண்டு கிட் வாங்கி நாலாக்கினால் அந்த வாக்குறுதி செல்லாது. நாலு 32-க்குப் பதில் இரண்டு 48 ஜிபி எடுப்பதே என் சிபாரிசு. ஏற்கெனவே நாலு இருந்தால் 4800-க்கு இறக்கிப் பாருங்கள். மெமரி கன்ட்ரோலர் பக்கத்துக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை ஏற்றினால் சரியாகும் என்று கை பரபரக்கும். 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 2023-இல் 7800எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டோடு கருகியபின் ஏஎம்டி பயோஸ் அப்டேட் மூலம் வைத்த வரம்பு அது.

மெமரி கோளாறு எப்போதும் ப்ளூ ஸ்கிரீனாக வராது. பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது சிஆர்சி எரர், அதாவது டேட்டா சரிபார்ப்பில் பொருந்தாமல் போவது; கம்பைலர் ஒரு ஃபைலில் செத்து, மறுபடி ஓட்டினால் அதே ஃபைல் தாண்டிப் போய் வேறொன்றில் சாவது. கோடில் பிழை இருந்தால் அது இடம் மாறாது. ‘டிடிஆர்5-இல்தான் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி இருக்கிறதே’ என்பார்கள். அது சிப்புக்குள்ளேயே நடக்கும் திருத்தம். சிப்புக்கும் பிராசசருக்கும் நடுவே கெடும் பிட்டை அது பார்க்காது. யுஎஸ்பியில் பூட் செய்து மெம்டெஸ்ட்86 நாலு பாஸ், பிறகு விண்டோஸில் டெஸ்ட்மெம்5. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். கேஸை மூடி, கிராஃபிக்ஸ் கார்டும் சூடாக இருக்கும்போது சோதியுங்கள். டிஆர்இஎஃப்ஐயை (மெமரி ரெஃப்ரெஷ்களுக்கு இடையேயான நேரம்) உச்சத்தில் வைத்தவர்களுக்கு ஸ்டிக் 50 டிகிரியைத் தாண்டியதும் எரர் தொடங்கலாம்.

மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை ஆன் செய்தால், மெமரியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்தாமல் பழைய அமைப்பையே எடுத்துக்கொள்வதால் பூட் வேகமாகும், ஆனால் மெமரியின் மின்சேமிப்பு செட்டிங்கான பவர் டவுனும் ஆனில் இருக்கட்டும். ஒன்றை ஆனிலும் மற்றதை ஆஃபிலும் வைப்பதால் வரும் க்ராஷ்கள் ஏராளம். மெமரி செட்டிங்கை மாற்றியபின் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருந்தால் அது ட்ரெயினிங், அதாவது போர்டு மெமரியைப் புதிதாகப் பொருத்திக்கொள்ளும் நேரம். ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்.

எரர் 18-உம் இல்லை, 41-இன் டீடெய்ல்ஸில் பக்செக்கோடு 0 (ப்ளூ ஸ்கிரீன் எதுவும் பதிவாகவில்லை), கேம் அல்லது ஜிபியு ரெண்டரில் மட்டும் பட்டென்று அணைகிறது என்றால் அப்போது பவர் பக்கம் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டில் 8 பின் கனெக்டர்கள் இரண்டு இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். வீட்டு இன்வர்ட்டரில் ஓடுகிறது என்றால் அதன் ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் மோடில் கரண்ட் மாறும் நேரம் நீளம். ஃபுல் லோடில் இருக்கும் பவர் சப்ளை அதுவரை தாங்காது.

பயோஸ் அப்டேட் கோருக்குக் கோர் போட்ட எண்களை எல்லாம் அழித்துவிடும். பழைய ப்ரொஃபைல் புது வெர்ஷனில் பல போர்டுகளில் ஏறாது. அப்டேட்டுக்கு முன் அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்களைத் திரும்பப் போட்டபின் 6 நிமிடச் சுற்று ஒன்றையும் ஓட்டிவிடுங்கள்.