வறட்சி மாதங்களில் தேனீக்களுக்கு ஒரு மங்கு தண்ணீர்

மலேசியாவின் கெடாவில் ஆண்டின் தொடக்கத்தில் மழை ஓய்ந்து, ஜெராய் மலை புழுதிக்குப் பின்னால் மங்கித் தெரியும் வாரங்களில், பீடோங்கிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் முதலில் துவள்வது பூசணிக் கொடிதான். இலை மாலையில் நிமிர்ந்துவிடும். பூவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. விடியலில் விரியும் பூசணிப் பூ முற்பகலுக்குள் சுருங்கிவிடுவதால், அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீ ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். கடந்த வறட்சியில் அப்படி உதிர்ந்த பிஞ்சுகளைக் கண்டு, உரம் போதவில்லை என்றே எண்ணியிருந்தேன். குழாயடி வாளியில் தேனீக்கள் செத்து மிதந்ததைப் பார்த்த பிறகுதான் அவற்றின் தவிப்பு எனக்குப் புரிந்தது.

தேனீக்கள் தாகத்துக்காக மட்டும் தண்ணீரைத் தேடுவதில்லை. புழுக்கள் வளரும் அடைப் பகுதியை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், வெயில் ஏறும்போது தண்ணீரைக் கொண்டுவந்து அறைகளில் மெல்லப் பூசி, சிறகால் விசிறி ஆவியாக்கிக் கூட்டைக் குளிர்விக்கின்றன. அருகில் தண்ணீர் கிடைக்காவிட்டால், பூவுக்குப் போக வேண்டிய தேனீக்களும் தண்ணீருக்காக அலைய நேரிடும்.

அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் பால் பிடித்த மங்குகள், அதாவது சிறு கிண்ணங்கள், சில வீட்டில் கிடந்தன. அவற்றை நிழலில் வைத்துக் கூழாங்கற்களை நிரப்பி, கல்லின் தலை நனையாத அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன். கெலுலுட் என்று இங்கே அழைக்கப்படும் கொடுக்கில்லாத் தேனீ மிகச் சிறியது. கால் ஊன்ற இடமில்லையென்றால் ஒரு விரற்கடை ஆழத்திலும் மூழ்கிவிடும். ஏடிஸ் கொசுவை மறந்துவிடக் கூடாது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடிருக்கும் என்பதால், தினமும் தண்ணீரைக் கொட்டி, மங்கையும் கற்களையும் தேய்த்துக் கழுவியே மீண்டும் நிரப்புகிறேன். சர்க்கரைத் தண்ணீர் வைப்பதில்லை. அது எறும்பைத்தான் கூட்டும்.

செடிக்கு விடியலிலேயே, பூவை நனைக்காமல், வேரடியில் நீர் விட்டுத் தேங்காய் மட்டையால் மண்ணை மூடுகிறேன். பூச்சி மருந்தைப் பூ விரிந்திருக்கும் வேளையில் ஒருபோதும் தெளிக்கக் கூடாது.

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டச் சாலையோரங்களில், அதன் இலையைத் தின்னும் பைப்புழுக்களை அழிக்கும் பூச்சிகளை ஈர்ப்பதற்காக, காலை எட்டு மணியளவில் விரியும் ‘புக்குல் லாப்பான்’ பூச்செடியை நட்டிருப்பார்கள். அதில் தேனீக்களும் மொய்ப்பதைக் கண்டு, ஒரு கிளையைக் கேட்டு வாங்கிவந்து வேலியோரம் நட்டேன். துளசியின் கதிரையும் இப்போது கிள்ளுவதில்லை.

இவற்றையெல்லாம் என்னைவிட ஆர்வமாகக் கவனிப்பவர் அம்மா. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, பல தோட்டங்களில் செம்பனைப் பூங்குலைகளுக்கு மகரந்தத்தை டால்க் தூளில் கலந்து மனிதர்களே தெளித்தார்கள். இளவயதில் அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர். தேனீ வராத காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுவார். இந்தப் பிப்ரவரியில் அவர் அப்படித் தடவ நேர்ந்தது மூன்றே நாள்கள்தான்.