குமிழ் வந்தால்தான் தண்ணீர்

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வெற்றிடம். தண்ணீரைத் திறந்தபடி வைத்தால் உடனே ஆவியாகிவிடும். 2017-ல் வேதியியல் நோபல் வாங்கித்தந்த கிரையோ முறையில் தண்ணீரை உறையவைத்துவிடுவார்கள். எனக்கோ புரத மூலக்கூறு அசைவதைப் பார்க்க வேண்டும். "நீந்துற மீனைப் பாக்கணும்னா ஐஸ் பெட்டியத் தொறந்து என்னடா பிரயோஜனம்?" என்றார் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் மாமா. அதேதான்!

வழி 2012-லேயே வந்துவிட்டது. ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்தான் கிராஃபீன்; அப்படி இரண்டு தாள்களுக்கு நடுவே துளி நீரை அடைத்துவிடுவது. நான் எடுத்தது ஃபெரிட்டின், இரும்பைச் சேமிக்கும் புரதம். குறுக்களவு சுமார் 12 நானோமீட்டர். உள்ளே இரும்பு இருப்பதால் சாயம் ஏற்றாமலே கருப்பாகத் தெரியும்.

செம்புத் தகட்டில் வளர்ந்த கிராஃபீன் மேல் கிரிட்டை (சாம்பிளைத் தாங்கும் குட்டி வலைத்தட்டு) ஒட்டி, சோடியம் பெர்சல்ஃபேட் கரைசலில் மிதக்கவிட வேண்டும். செம்பு கரையக் கரைய கரைசல் மயில்துத்த நீலமாகும். காலையில் பார்த்தால் கிரிட் மட்டும் பால் ஆடை மாதிரி மிதக்கும். அதை இடுக்கியால் எடுக்கும்போது மூச்சுவிடக்கூட பயம். நாலு கிழிந்தன.

வண்ணாரப்பேட்டையில் சாம்பிள் தயார், மைக்ராஸ்கோப்போ நகரத்தின் மறுகோடியில். கிரிட் டப்பாவைச் சட்டைப்பையில் வைத்து, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறுவேன். கிடைப்பது இரண்டு மணி நேரம். முதல் இரண்டு தடவை திரையில் புள்ளிகள் ஆணி அடித்த மாதிரி நின்றன. துளியை மூட இன்னொரு கிரிட்டை மேலே வைப்பதற்குள் அது காய்ந்திருக்கிறது. மூன்றாவது தடவை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டவட்டமாகக் குமிழ்கள். போச்சு என்று தலையில் கைவைத்தேன். பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் அக்கா சிரித்தார்: "தம்பி, குமிழ் வந்தா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம்." எலக்ட்ரான் கற்றை தண்ணீரை உடைத்து ஹைட்ரஜன் வாயு ஆக்குகிறது, அதுதான் குமிழ். உடையும் தண்ணீரிலிருந்து வரும் வேதித் துணுக்குகள் புரதத்தையும் கடித்துவிடும்.

அப்புறம் அவர் சொன்னபடி, கற்றையின் செறிவைக் குறைத்து, ஃபோகஸை வேறு இடத்தில் சரிசெய்துவிட்டு, படம் எடுக்கும்போது மட்டும் துளிப் பக்கம் போனேன். படம் மங்கல், மணல் தூவியது போல. ஆனாலும் ஒரு புள்ளி நகர்ந்தது, நின்றது, திரும்ப நகர்ந்தது. பிறகு கிராஃபீனில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை.

வீடியோவை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இதுல எதுடா மீனு?" என்று பதில் வந்தது.