மணலுக்குள் இருந்த ‘அது’: ஒரு மொழிபெயர்ப்பின் நாட்குறிப்பு

ஏப்ரல் 24

ஆங்கிலச் சிறுவர்கதை எழுத்தாளர் இ. நெஸ்பிட்டின் ‘ஐந்து பிள்ளைகளும் அதுவும்’ நாவலை இன்று தமிழாக்கத் தொடங்கினேன். 1902-இல் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் தொடராக வந்து, அதே ஆண்டில் நூலான கதை இது. அவர் 1924-இலேயே மறைந்துவிட்டதால் உரிமை பெறும் வேலை இல்லை. அண்ணனின் பிள்ளைகள் இருவரும் கோடை விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிறார்கள். பகலில் எழுதியதை இரவில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

சிரில், ஆந்தியா, ராபர்ட், ஜேன், ஒரு கைக்குழந்தை ஆகிய ஐவரும் லண்டனை விட்டுக் கென்ட் பகுதியின் நாட்டுப்புற வீடொன்றுக்கு வருகிறார்கள். தந்தை வேலையாகவும் தாய் நோயுற்ற பாட்டியைக் கவனிக்கவும் வெளியூர் போய்விட, பிள்ளைகள் சரளைக்கல் குழியில் ஆஸ்திரேலியாவரை தோண்டிவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். தோண்டிய இடத்தில் அகப்படுவதுதான் ‘அது’. நத்தைக்கு இருப்பதுபோல் நீண்ட கொம்புகளின் முனையில் கண்கள், வௌவால் காதுகள், சிலந்தியைப் போல் உருண்ட உடலெங்கும் மென்மயிர், குரங்கின் கைகால்கள்! இதைத் தேவதை என்று சொல்ல நெஸ்பிட்டுக்கு எத்தனை துணிச்சல் இருந்திருக்க வேண்டும்!

ஏப்ரல் 27

அதன் பெயர் ‘சாமியட்’. மணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நெஸ்பிட் உருவாக்கிய பெயர். ‘மணல் தேவதை’ என்று எழுதினால் வெள்ளுடையும் சிறகும் கண்முன் வந்துவிடுகின்றன. ‘மணல் பூதம்’ என்றால் விளக்கைத் தேய்க்கத் தோன்றுகிறது. எனவே சாமியட் என்றே வைத்துக்கொண்டேன். ‘சாமி’ என்று தொடங்குவதால் வரம் கொடுப்பதற்கு இது பொருத்தமான பெயர்தான் என்று அண்ணன் மகள் தானாகவே முடிவுசெய்துவிட்டாள்.

கைக்குழந்தையின் செல்லப்பெயர் இதைவிடப் படுத்தியது. அவன் முதன்முதலில் சொன்ன சொல் ஆடு கத்துவதுபோல் இருந்ததால் மூத்தவர்கள் அவனை ஆட்டுக்குட்டி என்கிறார்கள். ஆங்கில ஆடு ‘பா’ என்று கத்தும். நம்முடையது ‘மே’ என்று கத்தும். கத்தலை ‘மே’ ஆக்கினேன். பெயரையும் ‘குட்டி’ என்று சுருக்கியதும் அது எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்கக்கூடிய அழைப்பாகிவிட்டது.

மே 2

சாமியட் வயிறு ஊதி மூச்சை அடக்கிக்கொண்டு தரும் வரம் சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். முன்னொரு காலத்தில் மக்கள் உணவுக்காக மெகாதீரியம் என்ற, இன்று அழிந்துபோன பெருவிலங்கை வரமாகக் கேட்பார்களாம்; உண்டது போக மிஞ்சியது பொழுது சாய்ந்ததும் கல்லாகிவிடுமாம். தொல்லுயிர்ப் படிமங்களுக்கு இப்படியொரு காரணம் சொல்லும் கற்பனையின் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

வாசிக்கும்போது அண்ணன் மகள் இடைமறித்தாள். ராபர்ட் ஏன் சிரிலை அண்ணா என்று அழைப்பதில்லை என்று கேட்டாள். மூலத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ‘அண்ணா, அக்கா’ சேர்த்து ஓர் அத்தியாயத்தைத் திருத்திப் பார்த்தேன். சண்டைகளெல்லாம் அடங்கிப்போயின. ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத அந்த நால்வரின் சமநிலைதான் இந்தக் கதைக்கு உயிர் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மே 4

நெஸ்பிட்டின் நினைவுநாள். இந்நூலை அவர் 1899-இல் பிறந்த ஜான் என்ற மகனுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்; இன்னும் படிக்கத் தெரியாத சின்னஞ்சிறியவனே என்று கவிதையில் அவனை விளிக்கிறார். அவருடைய இன்னொரு மகன் ஃபேபியன் 1900-இல், பதினைந்தாவது வயதில், தொண்டைச் சதை அறுவைக்குப் பின் இறந்துபோனான். இந்தக் கதையின் பிள்ளைகள் எத்தனை இக்கட்டில் மாட்டினாலும் இருட்டுவதற்குள் அல்லது இருட்டியபின் பத்திரமாக வீடு வந்து சேர்கிறார்கள். இன்று வாசிக்கும்போது அதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

மே 9

சிறகு கேட்கும் அத்தியாயம். பறந்து களைத்துத் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் நால்வரும் உறங்கிவிட, விழிக்கும்போது பொழுது சாய்ந்து சிறகுகள் போய்விட்டன; படிக்கட்டின் கதவோ பூட்டியிருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் ஜேனின் வாயில் ‘அக்கா’ என்ற சொல்லை வைத்தேன். மூலத்தில் அப்படியொரு சொல் இல்லை. ஆனாலும் வேறெங்கும் வராத அந்தச் சொல் அங்கே வந்ததும், அண்ணன் மகன் தன் அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். நீக்க மனம் வரவில்லை.

மே 15

எரிச்சலில் யாரோ வாய்தவறிச் சொன்ன சொல்லால் குட்டி ஒரே நொடியில் வளர்ந்து, மேலுதட்டில் கறுத்த அரும்பு மீசையோடு மிடுக்கான இளைஞனாகி நிற்கிறான். தன்னைக் குட்டி என்று கூப்பிடக் கூடாது என்று மூத்தவர்களுக்கே புத்தி சொல்கிறான். இங்கே தமிழ் எனக்குக் கைகொடுத்தது. நேற்றுவரை ‘வாடா’ என்றவர்கள் ‘வாருங்கள்’ என்று தடுமாறுவதை மூலத்தைவிடக் கூர்மையாகக் காட்ட முடிந்தது. பணிப்பெண் மார்த்தாவின் கண்ணுக்கு மட்டும் மந்திரம் தெரியாது. “வாடா என் ராசா, பாலு குடிக்கலாம்” என்று அவள் அந்த மீசைக்காரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும் பத்தியைப் பிள்ளைகள் மூன்றுமுறை வாசிக்கச் சொன்னார்கள்.

மே 21

கடைசி அத்தியாயம். தன்னைப் பற்றிப் பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று சாமியட் கெஞ்சுகிறது. பெரியவர்கள் படிநிலை வருமானவரி, முதியோர் ஓய்வூதியம், ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இலவச இடைநிலைக் கல்வி என்று கேட்டுப் பெற்று, அவற்றைக் கலையவிடாமல் வைத்தும் கொள்வார்களாம், உலகமே தலைகீழாகிவிடுமாம். சோசலிசத்தைப் படிப்படியாகக் கொண்டுவர விரும்பிய ஃபேபியன் சங்கத்தை 1884-இல் தொடங்கியவர்களில் ஒருவர் நெஸ்பிட். மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தவர். தான் போராடிக் கேட்டவற்றையே அந்தச் சிடுமூஞ்சி உயிரின் வாயில் சலிப்பூட்டும் வரங்களாகச் சொல்லவைத்திருக்கிறார். பிரிட்டனில் ஓய்வூதியச் சட்டம் 1908-இல் வந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1918-இல் வந்தது.

‘முதியோர் ஓய்வூதியம்’ என்று வாசித்ததும் அண்ணன் மகன் அப்படியென்றால் என்ன என்று கேட்டான். அதை அடித்துவிட்டு ‘முதியோர் உதவித்தொகை’ என்று எழுதி மறுபடி வாசித்தேன்.

“எதிர்வீட்டுப் பாட்டி வாங்குறதா, அத்தை?” என்றான். ஆமாம் என்றேன். அவன் சன்னல் வழியே அந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்தான். பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.