தெற்கிலிருந்து வந்த காற்று

சிட்னிக்கு வடக்கேயுள்ள பிட்வோட்டரிலிருந்து நியூகாசில் துறைமுகம் ஏறத்தாழ 46 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. கோடையில் இந்தக் கரையில் பகல்தோறும் வடகிழக்குக் காற்று எதிர்த்து வீசுவதால், வடக்கே போகும் சிறிய பாய்ப்படகுகள் விடியுமுன் இருக்கும் அமைதியில் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும். நாங்களும் ஒரு ஜனவரி மாதத்து அதிகாலை ஐந்து மணிக்குப் பாரன்ஜோயி வெளிச்சவீட்டைக் கடந்தோம். கடல் மீட்புத் தொண்டர்களை வானொலியில் அழைத்து, போகும் இடத்தையும் படகில் ஐந்து பேர் இருப்பதையும் கணவர் பதிவு செய்தார். அந்த 34 அடிப் படகில் நாங்கள் இருவரும், பதின்மூன்று வயது மகளும், பத்து வயது மகனும், வல்வெட்டித்துறையில் பிறந்து வளர்ந்த என் அப்பாவும் இருந்தோம்.

காற்று மாலை ஏழு மணியளவில் தெற்குக்கு மாறும் என்றது முன்னறிவிப்பு. அதற்குள் நியூகாசிலில் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆனால் தெற்கு நோக்கி ஓடும் கிழக்கு அவுஸ்திரேலிய நீரோட்டம் அன்று கரையை ஒட்டியே ஓடி, மணிக்கு ஒரு மைலுக்கு மேல் எங்கள் வேகத்தைத் தின்றுவிட்டது. 1903ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் நோரா முனையின் வெள்ளை வெளிச்சவீடு, பார்க்கும்போதெல்லாம் அதே இடத்தில் நிற்பதுபோலவே தெரிந்தது.

பிற்பகல் ஒரு மணி கடந்ததும் காற்று முற்றாக நின்றது. அப்பா தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"தம்பி, தெற்கைப் பாருங்கோ. காற்று செத்துப்போச்சு. பெரிய பாயை இப்பவே இறக்குங்கோ."

அடிவானத்தை ஒட்டி, நீளமான உருளையைக் கிடத்தியதுபோல் ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. இங்குள்ளவர்கள் இதனைச் 'சதேர்லி பஸ்டர்' என்பார்கள். தெற்கிலிருந்து ஏறிவரும் குளிர்ந்த காற்று, கரைக்கு இணையாக ஓடும் மலைத்தொடரைத் தாண்ட முடியாமல் கரையோரமாகப் பாயும்போது உண்டாவது இது. தென்றல் என்று நாம் கொஞ்சும் திசையிலிருந்து இப்படியொரு காற்று வரும் என்பதை, இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் என் மனம் ஏற்க மறுக்கிறது.

பெரிய பாயை இறக்கிக் கட்டி, முன்பாயைக் கைக்குட்டை அளவுக்குச் சுருட்டி, பிள்ளைகளின் பாதுகாப்பு வார்களை இருக்கைக்கருகே இருந்த வளையத்தில் மாட்டி முடிப்பதற்கும் காற்று அறைவதற்கும் சரியாக இருந்தது. காற்றுமானி 38 நொட்டை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தை, காட்டியது. சற்று முன்வரை வியர்த்த உடம்பு நடுங்கத் தொடங்கியது. நீரோட்டம் தெற்கே ஓட, காற்று வடக்கே தள்ள, இரண்டும் மோதிய இடத்தில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் படகு நிமிர நேரம் விடாமல் பின்னாலிருந்து ஏறின. மகன் வாந்தியெடுத்தான், மகள் ஒரு கையால் அவனுடைய வாரைப் பிடித்தபடி, மறுகையால் வாளியை ஏந்தினாள்.

அப்போதுதான் நான் ஸ்வான்சியைக் காட்டினேன். இடப்பக்கத்தில் மூன்று மைலுக்குள் மக்குவாரி ஏரியின் வாய் இருந்தது. கடற்கரை வீடுகளின் ஓடுகள்கூடத் தெரிந்தன. உள்ளே போய்விடலாம் என்று கெஞ்சினேன். கணவர் வற்றுப்பெருக்கு அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தலையசைத்தார். ஏரி நீர் அதன் வாயிலுள்ள ஆழங்குறைந்த மணல்திட்டின் மேலாக வெளியே ஓடும் நேரம் அது. வெளியே ஓடும் நீரைக் கடலலை எதிர்க்கும் இடத்தில் அலை உடைந்து விழும், அதில் குறுக்கே திரும்பும் படகு கவிழ்ந்துவிடும். அப்பாவும் அதையே சொன்னார்: "பிள்ளை, உடையிற அலை கரையிலதான். ஆழத்தில நிண்டால் படகு தாங்கும்."

நெருங்கித் தெரியும் கரைக்கு முதுகைக் காட்டி, இன்னும் 14 மைல் கடலில் ஓட ஒப்புக்கொண்டதுதான் அன்று எனக்கு மிகக் கடினமாக இருந்தது. அலையை நான் அதற்கு ஈடாகச் சொல்லமாட்டேன். சுக்கானை அப்பாவும் கணவரும் அரை மணிக்கொருமுறை மாற்றிக்கொண்டார்கள். அப்பா ஒருமுறையும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வோர் அலையும் படகின் பின்புறத்தைத் தூக்கத் தொடங்கும் கணத்தை உள்ளங்காலால் உணர்ந்து, அது பக்கவாட்டில் திருப்பிவிடுமுன் சுக்கானை ஒரு சாண் இழுத்தார். அவருடைய புருவங்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மகனுடைய கவனத்தைத் திருப்ப, வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, பாய் விரித்தே ஓடி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணிக் கப்பலின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான்கு மணியளவில் நிலக்கரி ஏற்றக் காத்து நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் தெரிந்தன. எல்லாம் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தெற்கே திருப்பி, எங்களையே பார்த்து நின்றன. 2007 ஜூனில் ஒரு பெரும் புயலில்தான் 225 மீட்டர் நீளமான பாஷா பல்கர் கப்பல் நொபீஸ் கடற்கரையில் தரைதட்டியது. அதே கடற்கரை இடப்பக்கத்தில் நுரையாகக் கிடந்தது. அலைதடுப்புச் சுவரின் முனையிலிருந்து நன்றாக விலகிப் போய், இயந்திரத்தின் வலுவுடன் மேற்கே திரும்பினோம். முதலில் படகு பக்கவாட்டில் பயங்கரமாக உருண்டது. பிறகு சுவரின் மறைவுக்குள் வந்ததும் இரைச்சல் தணிந்தது.

கயிறுகளைக் கட்டியபின் கணவர் வானொலியை எடுத்தார். மறுமுனையில் படகில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, ஐந்து பேர் என்றார்.