"புரிந்துகொள்வர்" என்ற சொல்லோடு ஒரு மாதம்

பாடத்திட்டக் குழு கூட நான்கு வாரம் இருக்கும்போது, மனித உடலியங்கியல் தாளுக்குக் கற்றல் விளைவுகள், அதாவது தாள் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரியவேண்டும் என்ற பட்டியல், எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இளங்கலை விலங்கியல், ஐந்து அலகு. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்து 14 விளைவு எழுதி முடித்தேன். "இதயத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வர்", "சிறுநீரகத்தின் செயல்பாட்டை அறிந்துகொள்வர்" என்று, பழைய அலகுத் தலைப்புக்கெல்லாம் வால் ஒட்டிய கதைதான்.

திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலில் ஒரே கேள்வி: "புரிந்துகொண்டான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம். 1956இல் வந்து 2001இல் திருத்தப்பட்ட, கற்றலைப் படிப்படியாக அடுக்கும் புளூம் வகைப்பாட்டில் இரண்டாம் படிக்குப் பெயரே புரிதல்தானே, கே2 என்று வினாத்தாளில் நாமே போடுகிறோமே என்று வாதாடினேன். படியின் பெயர் வேறு, மாணவர் செய்து காட்டவேண்டிய காரியம் வேறு என்பது மண்டையில் ஏற இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். "ஹென்லே வளைவு: சிறுகுறிப்பு வரைக", "நெஃப்ரானின் படம் வரைந்து பாகம் குறி". நெஃப்ரான் என்பது சிறுநீரகத்தின் நுண்வடிகட்டி; ஹென்லே வளைவு அதன் ஒரு பாகம். முக்கால்வாசி கே1, அதாவது நினைவில் இருப்பதை எழுதும் முதல் படி. அந்தக் கேள்விகளைக் கேட்டவன் நான்தான்.

அப்போதுதான் முந்தைய வருடம் மதுரைச் சித்திரைத் திருவிழா முடிந்து வந்த ஒரு மாணவி கேட்டது ஞாபகம் வந்தது. "எதிர்சேவை பாக்கப் போன எங்க அப்பத்தா தல்லாகுளத்துல தலை சுத்தி உக்காந்திருச்சு சார். பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பந்தல்ல உப்புப் போட்ட நீர்மோர் குடிச்சப்புறம்தான் தெளிஞ்சுச்சு. ஏன் சார்?" தலைசுற்றலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் நெஃப்ரான் படத்துக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை அது. நானோ ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போயிருந்தேன்.

அந்தக் கேள்வியையே விளைவாக்கினேன்: "வெயிலில் நெடுநேரம் வியர்த்தவர் வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்தால் இரத்த சோடியம் என்னாகும் என்பதை, ஏடிஹெச், ஆல்டோஸ்டீரோன் இவற்றின் வேலையைக் கொண்டு கணித்து விளக்குவர்." இரண்டும் ஹார்மோன்கள்; முன்னது நீரையும் பின்னது உப்பையும் உடலில் தக்கவைக்கும். எழுதியதும் தேர்வுக் கேள்வி தானாக வந்து நின்றது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்கவேண்டிய சோடியம் ஒருவருக்கு 128; ஏன்? செரிமான அலகுக்கும் இதே வழி. 2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரை) கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் சரிக்குச் சரி, லிட்டருக்கு 75 மில்லிமோல். உப்பை உள்ளே இழுக்கச் சர்க்கரை எதற்கு?

இரத்த ஓட்டத்தில் சறுக்கினேன். மாடிப்படி ஏறி இறங்கி, 15 விநாடி நாடி எண்ணி நான்கால் பெருக்கி, "இதய வெளியேற்றத்தை அளவிடுவர்" என்று எழுதியிருந்தேன். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு அது. நாடி சரி. ஒரு துடிப்பில் எத்தனை மில்லி வெளியே வருகிறது என்பதை எங்கள் ஆய்வகத்தில் எதை வைத்து அளப்பது? "கொடுத்த அளவுகளிலிருந்து கணக்கிடுவர்" என்று இறங்கி வந்தேன். 72 துடிப்பு, 70 மில்லி என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர் சொச்சம்.

துறையின் மூத்த சாருக்கு எதுவும் பிடிக்கவில்லை. "படம் போடத் தெரியாதவன் எதைய்யா விளக்கப்போறான்?" பாதி நியாயம் அவர் பக்கம் இருந்ததால் இரண்டு மதிப்பெண் பகுதியில் படம் தங்கிவிட்டது. 14 விளைவு ஐந்தானது. ஒவ்வொரு விளைவும் பட்டப்படிப்பின் பொது நோக்கங்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று எண் போடும் நிரல் அட்டவணையில், மிக நெருக்கம் என்று பொருள்படத் தலைமைப் பண்புக்கும் நெஃப்ரானுக்கும் 3 போட்டிருந்ததை யாரும் பார்க்கும் முன் அழித்தேன். கூட்டத்தில் மூன்று நிமிடத்தில் நிறைவேறியது.

முதல் உள்தேர்வில் அந்த 128 கேள்வியை வைத்தேன். பாதிப் பேர் நெஃப்ரான் படம் வரைந்து வைத்திருந்தார்கள், ஒரு பாகம் விடாமல். அதற்கு மதிப்பெண் உண்டா என்று நானும் சாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.