அம்மன் நீலம் என்றாள், அப்பத்தா சிவப்பு என்றாள்

எங்கள் குடும்பத்தில் யோசித்து எடுக்கும் முடிவுக்கு மதிப்புக் கிடையாது. "மனசு சொல்லிற்று" என்றால்தான் செல்லும். காரணம், அப்பத்தாவின் மாமனார். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போயிருந்தவர், திடீரென்று மனசு சரியில்லை என்று கடையைப் பூட்டிக் கப்பலேறிவிட்டாராம். ஊர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில், 1941 டிசம்பர் 23 அன்று, ரங்கூனில் ஜப்பான்காரர்களின் குண்டு விழுந்தது. தங்கிவிட்டவர்களில் எத்தனையோ பேர் காடும் மலையுமாக நடந்தே திரும்பினார்கள். அவர் வந்தது கொழுந்தியாள் கல்யாணத்துக்கு என்று பெரியப்பா சொல்வார். அந்த நேரத்தில் மட்டும் அப்பத்தாவுக்குக் காது கேட்காது.

இந்த வீட்டில்தான் முகப்பை ஒட்டிய அறைக்குப் புதிதாகத் தரை போட வேண்டியிருந்தது. ஆத்தங்குடிக் கல் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சில்லை. நிறம்தான் தகராறு. நீலமா, சிவப்பா?

பட்டறைக்கே போனோம். வேலை செய்பவர் கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றினார். அச்சைத் தூக்கினார், பூ அப்படியே நின்றது. அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, சமன் செய்து எடுத்து வைத்தார். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்வதுதான் பதம். மெருகு கொடுப்பது அந்தக் கண்ணாடிதான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் "நிறம் சொல்லுங்கள், ஆச்சி" என்றார்.

அப்பத்தா கண்ணை மூடினார். வெகு நேரம் மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"உள்ளே ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. பூப் போட்டுப் பார்த்துவிடுவோம்."

உடனே ஊர் அம்மன் கோயிலுக்குத் திரும்பினோம். குருக்கள் ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்தார். வெள்ளை வந்தால் நீலம், சிவப்பு வந்தால் சிவப்பு. பிரகாரத்தில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது.

அப்பத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று கேட்டவர் மாதிரி இருந்தார்.

"பிள்ளை ஓடி வந்த வேகத்தில் எடுத்துவிட்டாள். நிதானமாக எடுக்கட்டும்."

நிதானமாக எடுத்தாள். மறுபடியும் வெள்ளை.

"குருக்களே, இலையை நன்றாகக் குலுக்கினீர்களா?"

குருக்கள் கோயிலில் எத்தனையோ அப்பத்தாக்களைப் பார்த்தவர். சலிக்காமல் சொன்னார்: "ஆச்சி, உங்களுக்குச் சிவப்புதான் வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது, இந்தக் குழந்தைக்குத் தெரிகிறது, அம்மனுக்கும் தெரியும். நடை சாத்தும் நேரம் ஆகிறது."

சொல்லி வாய் மூடவில்லை, உத்தரத்திலிருந்து பல்லி சத்தமிட்டது. அப்பத்தா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பார்த்தாயா, கவுளியே சொல்லிவிட்டது!" அது குருக்களின் பேச்சை ஆமோதித்ததா, பூச்சியைக் கண்டு குதூகலித்ததா என்று ஆராய நான் துணியவில்லை. சிறுமி மட்டும், "மறுபடியும் எடுக்கவா?" என்று ஆசையாகக் கேட்டாள். அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினோம்.

பட்டறைக்குத் திரும்பிப் போகும் வழியெல்லாம் அப்பத்தா பேசவே இல்லை. நீலத்தைக் கைவிட்ட நிம்மதி என்று நினைத்தேன். உள்ளே நுழைந்ததும் நான் முந்திக்கொண்டு, "சிவப்பு" என்றேன். பட்டறைக்காரர் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"இருங்கள்" என்றார் அப்பத்தா. "தரை சிவப்பு. ஆனால் அம்மன் இரண்டு தடவை சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியுமா? சுற்றிலும் கரைக்கு நீலம் போட்டுவிடுங்கள்."

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். கரைக்கு வேறு அச்சு, நான்கு மூலைக்கும் வேறு அச்சு. அவற்றுக்குத் தனி விலை என்றார்.

அப்பத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் சட்டைப்பையைக் கண்ணால் காட்டினார்.

"விலையைத் தம்பியிடம் பேசுங்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது."